கடைசி பெஞ்சுக்கு எட்டாத குரல்

கும்மிடிப்பூண்டி வட்டாரத்தில் நின்றுகொண்டு குழந்தைகளின் காதைப் பற்றிப் பேசுகிறேன் என்றால், கேட்க வந்தவர்கள் இரண்டில் ஒன்றை எதிர்பார்ப்பது இயல்பு. ஒன்று, பிறவியிலேயே காது கேளாத குழந்தை, அதற்கு அரசு செலவில் பொருத்தப்படும் காக்ளியர் கருவி, முதல் சத்தம் கேட்டு அது சிரிக்கும் செய்திப் படம். இன்னொன்று, சிப்காட் ஆலைகளின் இரைச்சல் நம் பிள்ளைகளைச் செவிடாக்குகிறது என்ற குற்றச்சாட்டு. முதலாவது உண்மைதான், ஆனால் ஆயிரம் பிறப்பில் சில குழந்தைகளைப் பற்றியது. இரண்டாவது, வழக்கமாகச் சொல்லப்படும் வடிவத்தில், தவறு. இவை இரண்டுக்கும் நடுவே யார் கண்ணிலும் படாத ஒரு பெரிய கூட்டம் இருக்கிறது. பாதி கேட்டும் பாதி கேட்காமலும் ஒன்றாம் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் அவர்கள். அவர்களின் காதில் உள்ள குறை சிறியது. வகுப்பறைக்குள் வரும் இரைச்சலும் அளவில் சிறியது. தனித்தனியாகப் பார்த்தால் சட்டம் இரண்டையும் பொருட்படுத்தாது, மருத்துவமனையும் பெரிதாக எடுத்துக்கொள்ளாது. இரண்டும் ஒரே பிள்ளையின் மேல் சேர்ந்து விழும்போது அதன் படிப்பு போய்விடுகிறது. இதை நிறுவுவதுதான் இன்றைய பேச்சின் நோக்கம்.

பிறவிக் கேளாமையை ஒதுக்கிவிட்டுப் பேசுவதாக எண்ண வேண்டாம். பிறந்த ஒரு மாதத்துக்குள் பரிசோதனை, மூன்று மாதத்துக்குள் உறுதிசெய்தல், ஆறு மாதத்துக்குள் கருவியும் பயிற்சியும் என்ற கணக்கை உலகெங்கும் மருத்துவர்கள் ஏற்றிருக்கிறார்கள். சென்னை அடையாறில் 1969 முதல் நடந்துவரும் பால வித்யாலயா, காது கேளாத மழலைகளைப் பேசவைத்துப் பொதுப் பள்ளிக்கு அனுப்ப முடியும் என்று காட்டியிருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் காக்ளியர் அறுவை சிகிச்சை உண்டு. கருவில் இருக்கும் குழந்தையின் காதைக் கெடுக்கும் ரூபெல்லாவுக்கு எதிராக 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் நடந்த தடுப்பூசி இயக்கம், வாட்ஸாப் வதந்திகளையெல்லாம் தாண்டி நடந்து முடிந்தது. சொந்தத்துக்குள் செய்யும் திருமணம் நம் மாநிலத்தில் இன்னும் ஏறத்தாழ நான்கில் ஒன்றாக இருப்பது கவலைக்குரியது, அதற்குத் தனியாக ஒரு சொற்பொழிவு வேண்டும். ஆனாலும் பிறவிக் கேளாமைக்கு ஒரு பெயர் இருக்கிறது, ஒரு துறை இருக்கிறது, ஒரு சிகிச்சை வழி இருக்கிறது. நான் பேச வந்த பிள்ளைகளுக்கு இவற்றில் எதுவும் இல்லை.

அந்தப் பிள்ளைகளின் காதில் நடப்பது என்ன? மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் யூஸ்டேக்கியன் குழாய் என்ற ஒரு சிறு குழாய் இணைக்கிறது. பெரியவர்களுக்கு அது நீண்டு, மூக்குப் பக்கம் சரிந்திருக்கும். குழந்தைக்குக் குட்டையாக, ஏறக்குறையப் படுக்கைவசத்தில் இருக்கும். சளி பிடித்தால் அந்த வழியே கிருமி மேலேறுவது எளிது, நடுக்காதில் சேர்ந்த நீர் கீழிறங்குவது கடினம். நீர் தேங்கிவிட்டால் செவிப்பறை, ஈரம் கோத்த பறையின் தோல்போல அதிர மறுக்கிறது. வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. வெளியிலிருந்து பார்த்தால் காது நன்றாகத்தான் தெரியும். சில பிள்ளைகளுக்கு இதோடு நிற்காது. சீழ் கோத்து, செவிப்பறை கிழிந்து, காது ஒழுகத் தொடங்கும். “காதுல சலம் வருது” என்று தாய்மார்கள் சொல்வது இதைத்தான். ஓட்டை ஆறாமல் போனால் ஒவ்வொரு சளிக்கும், ஏரியிலும் கிணற்றிலும் குளிக்கும் ஒவ்வொரு முறையும், அது மீண்டும் ஒழுகும். விறகடுப்புப் புகையும் பீடிப் புகையும் சூழ்ந்த ஒற்றை அறைக் குடியிருப்பு, அடுத்தடுத்து வரும் சளி, ஊட்டக்குறைவு, நெரிசல் ஆகியவை எங்கெல்லாம் சேர்ந்திருக்கின்றனவோ அங்கெல்லாம் சீழ்க்காது இருக்கும். மருத்துவ நூல் இவற்றை நோயின் காரணங்களாக வரிசைப்படுத்துகிறது. சிறுபுழல்பேட்டைப் பக்கத்தில் தொழிலாளர்கள் தங்கும் வரிசை வீடுகளையும் ஊத்துக்கோட்டை, பெரியபாளையம் சாலைகளின் செங்கல் சூளைகளையும் பார்த்தவர்களுக்கு அந்த வரிசை முகவரி எழுதியதுபோல் தெரியும்.

இது எத்தனை பிள்ளைகளுக்கு இருக்கும் என்ற கேள்விக்கு அயல்நாட்டுப் புள்ளிவிவரத்தை நாட வேண்டியதில்லை. 1990களில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவர்கள் சுற்றுவட்டார கிராமப் பிள்ளைகளைப் பரிசோதித்து எழுதிய ஆய்வில், நாள்பட்ட சீழ்க்காது நூற்றுக்கு ஆறு பேர் அளவில் இருந்தது. ஒரு சமூகத்தின் குழந்தைகளிடையே நூற்றுக்கு நான்கைத் தாண்டினாலே அது உடனே கவனிக்க வேண்டிய பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று உலகச் சுகாதார நிறுவனம் 2004இல் வெளியிட்ட அறிக்கை சொன்னது. அந்த மேல் வரிசையில் தான்சானியாவோடும் ஆஸ்திரேலியப் பழங்குடி மக்களோடும் இந்தியாவும் வைக்கப்பட்டிருந்தது. சீழ் வெளியே வராமல் நீர் மட்டும் தேங்கியிருக்கும் பிள்ளைகளை இதோடு சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும். குழந்தைப் பருவக் கேட்புக் குறைகளில் நூற்றுக்கு அறுபது தடுக்கக்கூடியவை என்று அதே நிறுவனம் 2016இல் கணக்கிட்டது. அந்த அறுபதில் பாதிக்கு மேல் தட்டம்மை, ரூபெல்லா, மூளையுறைக் காய்ச்சல், சீழ்க்காது போன்ற தொற்றுகளால் வருபவை. விலையுயர்ந்த கருவி கேட்கும் நோய் அன்று இது. பஞ்சுத்திரியால் காதை உலர்த்துவதும், மருத்துவர் எழுதித்தரும் சொட்டு மருந்தும், தண்ணீர் புகாமல் காப்பதும் பல பிள்ளைகளுக்குப் போதும்.

இனி இந்தக் குறை வகுப்பில் எப்படித் தெரிகிறது என்று பார்ப்போம். நடுக்காதில் நீர் தேங்கினால் கேட்புத்திறன் சராசரியாக 25 டெசிபல் அளவுக்குக் குறையும், சிலருக்கு 40 வரை போகும். இந்த அளவில் கூப்பிட்டால் பிள்ளை திரும்பிப் பார்க்கும், பாட்டு போட்டால் ஆடும், சண்டை போடும், கத்தும். எனவே “காது நல்லாத்தான் கேக்குது” என்று வீட்டார் சொல்வது பொய்யில்லை. கேட்காமல் போவது பேச்சின் மெல்லிய பகுதிதான். மெய்யொலிகள் உயிரொலிகளைவிடச் சன்னமானவை. அதிலும் சொல்லின் கடைசியில் வரும் மெய் தேய்ந்தே ஒலிக்கும். தமிழில் இலக்கணத்தின் பெரும்பாதி அங்கேதான் இருக்கிறது. வந்தானா வந்தாளா, மரத்தைச் சொன்னாரா மரத்தில் என்றாரா என்பதெல்லாம் அந்தக் கடைசி ஒலியில்தான் தெரியும். இரண்டாம் வகுப்பில் சொல்வதெழுதுதல் நோட்டை எடுத்துப் பாருங்கள். முதல் எழுத்துகள் சரியாக இருந்து, ஒவ்வொரு சொல்லிலும் ஈற்றெழுத்து மட்டும் மாறிக்கொண்டே போனால், அந்தப் பிள்ளையின் கவனத்தைக் குறை சொல்வதற்கு முன் காதைச் சந்தேகிக்க வேண்டும். இன்னொரு சிக்கல், இந்தக் குறை ஒரே நிலையில் இருப்பதில்லை. ஐப்பசி மழையில் அடைத்த காது தை மாதத்தில் திறக்கும், அடுத்த சளியில் மறுபடி அடைக்கும். நேற்று பதில் சொன்ன பிள்ளை இன்று விழித்தால் ஆசிரியருக்கு வேறென்ன தோன்றும்? திமிர், சோம்பல், மந்தம். இந்த மூன்று பட்டங்களையும் சுமந்துகொண்டு எத்தனை பிள்ளைகள் கடைசி பெஞ்சுக்குப் போயிருப்பார்கள் என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது.

சட்டமும் இந்தப் பிள்ளையைப் பார்ப்பதில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரு காதுகளிலும் 70 டெசிபல் இழப்பு இருந்தால் காது கேளாதவர் என்றும், 60 முதல் 70 வரை இருந்தால் கேட்புக் குறைபாடு உள்ளவர் என்றும் வரையறுக்கிறது. உதவித்தொகைக்கும் இட ஒதுக்கீட்டுக்கும் ஏதோ ஒரு கோடு வேண்டும் என்பது நியாயமே, அந்தக் கோட்டை மாற்றச் சொல்லி நான் கேட்கவில்லை. ஆனால் அடையாள அட்டைக்கான கோடு, கவனிப்புக்கான கோடாகவும் மாறிவிட்டது. முப்பது டெசிபல் இழந்த பிள்ளை மாற்றுத்திறனாளி இல்லை. ஆகவே வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியருக்கும் அது வேலை இல்லை, பொது ஆசிரியருக்கும் அது தகவல் இல்லை.

இப்போது இரைச்சலுக்கு வருகிறேன். ஆலைகள் பிள்ளைகளைச் செவிடாக்குகின்றன என்பது தவறு என்று தொடக்கத்திலேயே சொன்னேன். உள்காதின் நுண்ணிய மயிரணுக்களை இரைச்சல் அழிப்பதற்கு ஓர் அளவு உண்டு. நாள் முழுதும் சராசரி 70 டெசிபலுக்குக் கீழே இருக்கும் இரைச்சல் காதைக் கெடுப்பதில்லை என்பது ஏற்கப்பட்ட கணக்கு. உருட்டாலைக்குள்ளே இரும்புக் கம்பி உருளும் இடத்தில் நிற்கும் தொழிலாளிக்கு அந்த அளவு பலமடங்கு தாண்டுகிறது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரை நம் தொழிற்சாலை விதிகள் அனுமதிக்கின்றன. பல நாடுகள் 85இல் நிற்கின்றன. இரைச்சலால் வரும் கேட்பிழப்பு, சட்டப்படி அரசுக்கு அறிவித்தே ஆக வேண்டிய நோய்களின் அட்டவணையில் இருக்கிறது என்பதை எத்தனை தொழிலாளர்கள் அறிவார்கள்? தகப்பனின் காது ஆலையில் போகிறது. அது வேறு வழக்கு, அதையும் யாராவது நடத்த வேண்டும். ஆலைச் சுவருக்கு வெளியே, தெருவைத் தாண்டி இருக்கும் பள்ளிக்கு அதே இரைச்சல் தேய்ந்துதான் வருகிறது. அதோடு சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையின் கண்டெய்னர் லாரிகளும் ஏர் ஹாரனும், பொன்னேரி, கவரைப்பேட்டை வழியாகக் கூடூருக்குப் போகும் ரயில் பாதையும் சேர்ந்துகொள்கின்றன. திருவள்ளூர்ப் பக்கம் காக்களூர்த் தொழிற்பேட்டைக்கும் அரக்கோணம் பாதைக்கும் இதே கணக்குத்தான். இந்த இரைச்சல் காதைக் கெடுக்காது. ஆசிரியரின் குரலை விழுங்கிவிடும்.

கணக்கை எளிதாகவே போடலாம். ஆசிரியர் சற்று உரக்கப் பேசினால் ஒரு மீட்டர் தொலைவில் அவர் குரல் 65 டெசிபல் இருக்கும். திறந்த வெளியில் தொலைவு இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஆறு டெசிபல் குறையும். நான்கு மீட்டரில் 53, எட்டு மீட்டரில் 47. அறைக்குள் சுவர்கள் எதிரொலிப்பதால் இவ்வளவு குறையாதுதான், ஆனால் அந்த எதிரொலியே சொற்களை ஒன்றோடொன்று குழப்பிவிடும். சிறு பிள்ளைக்குப் பேச்சு தெளிவாக விளங்க, குரல் இரைச்சலைவிட 15 டெசிபல் ஓங்கி இருக்க வேண்டும். இதனால்தான் உலகச் சுகாதார நிறுவனம் 1999இல் வகுப்பறைப் பின்னணி இரைச்சல் 35ஐத் தாண்டக் கூடாது என்றது. நம் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளோ தொழில் பகுதிக்குப் பகலில் 75, குடியிருப்புக்கு 55, பள்ளியைச் சுற்றி நூறு மீட்டர் அமைதி மண்டலத்துக்கு 50 என்கின்றன. 2017இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, மாநில அரசு அறிவித்தால்தான் ஓரிடம் அமைதி மண்டலமாகும். அறிவித்தாலும், 50 டெசிபல் இரைச்சல் திறந்த ஜன்னல் வழியே வரும் அறையில் பின்வரிசைக்கு ஆசிரியரின் குரலும் லாரியின் உறுமலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில்தான் வந்து சேரும். சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கும் பள்ளியிலும் பாடம் பாதிதான் கேட்கும்.

இதனால் படிப்பு கெடுகிறது என்பதற்குச் சான்று உண்டா என்று கேட்பீர்கள். உண்டு, அதுவும் அரை நூற்றாண்டுப் பழையது. நியூயார்க் மன்ஹாட்டனில் உயர்த்திய ரயில் பாதையை ஒட்டி ஒரு தொடக்கப்பள்ளி. ஒரு பக்க வகுப்பறைகள் பாதையைப் பார்த்திருந்தன, மறுபக்க வகுப்பறைகள் அமைதியாக இருந்தன. ஆர்லின் பிரான்ஸாஃப்ட் என்ற உளவியலாளர் 1975இல் வெளியிட்ட ஆய்வில், ரயில் பக்கத்து ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பில் மறுபக்கத்தாரைவிட ஏறக்குறைய ஓராண்டு பின்தங்கியிருந்தார்கள். ஒரே பள்ளி, ஒரே தெரு, ஒரே மாதிரிக் குடும்பங்கள். பிறகு தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் பட்டைகள் வைத்தார்கள், வகுப்பறைக் கூரையில் ஒலி உறிஞ்சும் பலகைகள் பதித்தார்கள். 1981இல் மறுபடி அளந்தபோது அந்த வித்தியாசம் மறைந்திருந்தது. ஜெர்மனியின் மியூனிக்கில் 1992இல் பழைய விமான நிலையம் மூடப்பட்டுப் புதியது வேறிடத்தில் திறக்கப்பட்டபோதும் இதே கதை. பழைய இடத்துப் பிள்ளைகளின் வாசிப்பும் நினைவாற்றலும் மீண்டன, புதிய இடத்துப் பிள்ளைகளுடையவை சரிந்தன. இந்த ஆய்வுகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் நல்ல காது உள்ள பிள்ளைகள் என்பதைக் கவனியுங்கள். நடுக்காதில் நீர் தேங்கிய பிள்ளைக்குக் குரலும் தேய்ந்து வருகிறது, அதைச் சத்தத்திலிருந்து பிரித்தெடுப்பதும் இன்னும் கடினம். அந்தப் பிள்ளையின் வீட்டு மொழி தெலுங்காகவோ ஒடியாவாகவோ இருந்துவிட்டால் மூன்றாவது பாரமும் சேர்கிறது. தாய்மொழியில் ஓர் எழுத்து கேட்காவிட்டாலும் மனம் அதை நிரப்பிக்கொள்ளும். புதிதாகக் கற்கும் மொழியில் நிரப்ப எதுவும் இல்லை. ஆந்திர எல்லையை ஒட்டிய, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் ஆட்கள் வந்து குடியேறும் இந்த வட்டாரத்தில் இது விதிவிலக்கான பிள்ளையின் நிலைமை இல்லை.

இனி மறுப்புகள். சூளைக்கு வரும் குடும்பங்கள் மழை முடிந்து வந்து ஆடிக்கு முன் போய்விடுவார்கள், அவர்கள் பிள்ளைகளைப் பரிசோதித்து என்ன பயன் என்று கேட்பவர்கள் உண்டு. சீழ்க்காது ஆறுவதற்கு ஆறு மாதம் தேவையில்லை, சில வாரங்களே பல பிள்ளைகளுக்குப் போதும் என்பது ஒரு பதில். அடுத்த ஆண்டும் அதே குடும்பங்கள்தான் அதே சூளைகளுக்கு வருகின்றன என்பது இன்னொரு பதில். தானாகச் சரியாகிவிடும், ஏழு வயதானால் போய்விடும் என்பது அடுத்த மறுப்பு. இதில் பாதி உண்மை இருப்பதால்தான் இது ஆபத்தானது. தேங்கிய நீர் பெரும்பாலும் மூன்று மாதத்தில் தானே வடிந்துவிடும், அதனால் மருத்துவர்களும் முதலில் பொறுத்திருந்து பார்க்கவே சொல்வார்கள். ஆனால் பொறுத்திருந்து பார்ப்பது வேறு, பார்க்காமலே இருப்பது வேறு. அந்த மூன்று மாதமும் பிள்ளையை முன்வரிசையில் உட்காரவைத்து, முகத்தைப் பார்த்துப் பேச வேண்டும். ஒழுகும் காது தானாக ஆறும் என்று காத்திருப்பதோ வேறு கதை. நாற்றத்தோடு ஒழுகும் காதுக்குள் எலும்பை அரிக்கும் கட்டி வளரலாம், அது மூளை வரை போகலாம். நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றுவது, கோழி இறகாலும் ஹேர்பின்னாலும் பட்ஸாலும் குடைவது எல்லாம் அன்பினால் செய்பவைதான். நல்ல காதில் குறும்பி தானே வெளியே வந்துவிடும், குடைந்தால் உள்ளே தள்ளப்படும். ஓட்டை விழுந்த காதில் எண்ணெய் விடுவது நோய்க்குத் தீனி போடுவது.

இதற்கெல்லாம் அரசுத் திட்டம் இருக்கிறதே என்பது கனமான மறுப்பு. இருக்கிறது. 2013இல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வாஸ்த்ய கார்யக்ரம் அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறையும் பள்ளிகளுக்கு ஒருமுறையும் மருத்துவக் குழுவை அனுப்புகிறது. சீழ்க்காதும் கேட்புக் குறையும் அது பார்க்க வேண்டிய குறைபாடுகளில் அடங்கும். அந்தக் குழுவினரின் உழைப்பை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் ஒரே நாளில் ஒரு பள்ளி முழுவதையும் பல்லிலிருந்து பாதம் வரை பார்க்கும்போது, வலியில்லாத, வெளியே தெரியாத முப்பது டெசிபல் குறையைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு ஆடியோமீட்டர் வேண்டும், ஹெட்ஃபோனில் 1000, 2000, 4000 ஹெர்ட்ஸ் ஒலிகளைக் கேட்கவைத்துப் பிள்ளை கை தூக்குவதைக் குறிக்கும் சில நிமிடங்கள் வேண்டும், ஓர் அமைதியான அறை வேண்டும். அமைதியான அறை கிடைக்காததால் பரிசோதனை நடத்த முடியாத பள்ளியில், அதே அறைகளில்தான் ஆண்டு முழுதும் பாடம் நடக்கிறது என்பதை யாரும் யோசிப்பதில்லை. ஆள் பலம் இல்லை என்பதும் முழுச் சமாதானம் ஆகாது. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் செவித்திறன் துறையினர், கிராமங்களில் ஊர்க்காரர்களுக்கே பயிற்சி தந்து சிறு குழந்தைகளின் காதைப் பரிசோதிக்கச் செய்தார்கள், மேல்பரிசோதனையை வேனில் கருவி வைத்து இணையவழியே நடத்திக் காட்டினார்கள். கண்ணுக்கு நாம் இதை எப்போதோ செய்துவிட்டோம். ‘கண்ணொளி காப்போம்’ என்று பள்ளியிலேயே பார்வை பார்த்து இலவசக் கண்ணாடி கொடுத்த மாநிலம் இது. பசித்த பிள்ளை படிக்காது என்று சோறு போட்ட மாநிலமும் இதுதான். எட்டு வயதுக்குள் எல்லாப் பிள்ளைக்கும் எழுத்தும் எண்ணும் வர வேண்டும் என்ற ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் 2022 ஜூனில் இதே திருவள்ளூர் மாவட்டத்து அழிஞ்சிவாக்கத்தில்தான் தொடங்கியது. ஆடல், பாடல், கதை என்று செவிவழியே நடக்கும் அந்தக் கல்வி, பிள்ளைக்குக் கேட்கிறது என்ற நம்பிக்கையின் மேல் நிற்கிறது.

கடைசி மறுப்பு பிழைப்பைப் பற்றியது. ஆலை இல்லாவிட்டால் அடுப்பு எரியாது, லாரி ஓடாவிட்டால் ஆலை இல்லை, திருவிழாவுக்கு ஒலிபெருக்கி வேண்டாமா என்று கேட்கிறார்கள். ஆலையை மூடச் சொல்லும் வாதம் என்னிடம் இல்லை. ஒவ்வொருவரும் அடுத்தவரின் சத்தத்தைக் காட்டித் தப்பிப்பதுதான் என் குறை. மாதவரம் நெடுஞ்சாலை கே.கே.ஆர். நகர்க் குடியிருப்போர் தொடுத்த வழக்கில் ஒரு தேவாலயத்தின் ஒலிபெருக்கி பற்றி உச்ச நீதிமன்றம் 2000 ஆகஸ்டில் தீர்ப்பளித்தது. சாலை வாகனங்களின் இரைச்சல்தான் அதிகம் என்ற வாதமும் அங்கே எழுந்தது. பிறர் அமைதியைக் கெடுத்து வழிபட எந்த மதமும் சொல்லவில்லை என்று நீதிமன்றம் முடித்துவைத்தது. தேவாலயத்துக்குச் சொன்னது ஆடி மாதத்துக் கூழ் வார்த்தலுக்கும் பொருந்தும், ஹாரனுக்கும் பொருந்தும். செய்ய வேண்டியவை பெரிய செலவுகளும் அல்ல. சாலையைப் பார்த்த அறையை ஸ்டோர் ரூமாகவும் நூலகமாகவும் மாற்றி, ஒன்று, இரண்டாம் வகுப்புகளைப் பின்புறம் கொண்டுபோகலாம். நெருக்கமான கட்டுச் சுவர் இரைச்சலைத் தடுக்கும். ஒற்றை வரிசை மரம் நிழல் தரும், இரைச்சலைக் குறைப்பதாக நாம் நம்புவது பெரும்பாலும் மன ஆறுதல்தான். தகரக் கூரைக்கும் சிமெண்ட் ஷீட்டுக்கும் அடியில் ஒலி உறிஞ்சும் பலகை அடிக்கலாம். குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபம் ஈட்டும் நிறுவனங்கள் அதில் இரண்டு விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம். அந்தப் பணத்தில் ஸ்மார்ட் டிவியும் பெரிய ஸ்பீக்கரும் வாங்கித் தந்து பெயர்ப்பலகை வைக்கும் வழக்கம் இருக்கிறது. இரைச்சலான அறையில் இன்னொரு இரைச்சலைக் கூட்டுவதைவிட, ஒழுங்காகச் சாத்தும் கதவும் ஓர் ஆடியோமீட்டரும் வாங்கித் தந்தால் கல்விக்குச் செய்த உதவியாக இருக்கும்.

தலைமையாசிரியர்களிடமும் அங்கன்வாடிப் பணியாளர்களிடமும் நான் கேட்பது இது. வரும் ஜூனில் பிள்ளையைச் சேர்க்க வரும் ஒவ்வொரு தாயிடமும், பிறந்த தேதியோடும் ஆதார் எண்ணோடும், “எப்பவாவது காதுல சலம் வந்திருக்கா, டிவியைக் கிட்டப் போய்ப் பாக்கிறானா, ரெண்டு மூணு தடவ கூப்பிட்டாத்தான் திரும்புறானா” என்று கேளுங்கள். ஒடியாவோ இந்தியோ தெரிந்த ஒருவரை அன்று பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தாய் ஆம் என்று சொன்னால் அந்தப் பிள்ளைக்கு முன்வரிசையில் இடம் கொடுங்கள், கும்மிடிப்பூண்டி அரசு மருத்துவமனைக்கோ திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ சீட்டு எழுதிக் கொடுங்கள். ஆலை மேலாளர்களிடமும் சூளை முதலாளிகளிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. அந்தச் சீட்டு பெரும்பாலும் பையிலேயே கிடப்பதற்குக் காரணம் அக்கறையின்மை இல்லை. மருத்துவமனைக்குப் போனால் அன்றைய கூலி போய்விடும். அந்தத் தாய்க்கோ தகப்பனுக்கோ அன்று கூலியோடு அரை நாள் விடுப்பு கொடுங்கள்.